இராணுவ லாரிகளின் டீசல் இன்ஜெக்டர்: பராமரிப்பும் சோதனையும் வளர்ந்த வரலாறு

டீசல் இன்ஜெக்டர் அல்லது எரிபொருள் உட்செலுத்தி என்பது, டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் எரிபொருளை உயர் அழுத்தத்தில் நுண்துளிகளாகப் பீய்ச்சும் கருவியாகும். 1920கள் தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் இறுதி வரை உருவான பெரும்பாலான இராணுவ டீசல் லாரிகளில் இக்கருவி முற்றிலும் இயந்திர முறையில் இயங்கியது. ஒரு சுருள்வில், ஓர் ஊசி, ஒன்று முதல் சில நுண்துளைகள் கொண்ட ஒரு நாசில் ஆகியவையே அதன் முக்கிய உறுப்புகள். மின்னணுக் கட்டுப்பாடு எதுவும் அதில் இல்லை.

இராணுவ லாரி சேற்றிலும் மணலிலும் ஆற்றுப்படுகையிலும் ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்டது. ஆனால் அதன் எஞ்சினின் உயிர்நிலையான இன்ஜெக்டரோ, தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கே உள்ள இடைவெளியில் இயங்குவது. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு அதை நிறுத்திவிடக்கூடும். இந்த முரண்பாட்டைச் சமாளிக்கவே படைகள் தனிப் பட்டறைகளையும் சோதனைக் கருவிகளையும் பராமரிப்பு விதிகளையும் உருவாக்கின.

காற்றழுத்தத்திலிருந்து திட உட்செலுத்தலுக்கு

ருடால்ஃப் டீசலின் முதல் எஞ்சின் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் 1893இல் சோதிக்கப்பட்டது. 1897இல் அது வெற்றிகரமான வடிவத்தை எட்டியது. அக்கால எஞ்சின்களில் எரிபொருளைச் சிலிண்டருக்குள் தள்ள அழுத்தப்பட்ட காற்று பயன்பட்டது. அதற்குத் தனியே ஒரு கம்ப்ரசர் தேவைப்பட்டது. அது எஞ்சினின் திறனில் ஒரு பகுதியை விழுங்கியதோடு எடையையும் கூட்டியது. கப்பலுக்கும் மின்நிலையத்துக்கும் இது பொருந்தியது; லாரிக்குப் பொருந்தவில்லை.

காற்றில்லாமல் எரிபொருளை மட்டும் உயர் அழுத்தத்தில் செலுத்தும் முறை "திட உட்செலுத்தல்" எனப்பட்டது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மெக்கெக்னி 1910இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியின் பென்ஸ் நிறுவனத்தில் ப்ராஸ்பர் லொராஞ்சு 1909இல் முன்-எரியறை முறையை வகுத்தார். இவை டீசல் எஞ்சினைச் சிறிதாக்க வழி காட்டின. 1923, 1924 ஆண்டுகளில் பென்ஸ், எம்.ஏ.என். ஆகிய நிறுவனங்கள் டீசல் லாரிகளை உருவாக்கின. இவற்றுள் எம்.ஏ.என். லாரியின் எஞ்சின் நேரடி உட்செலுத்தல் முறையில் அமைந்தது.

ஆயினும் ஒவ்வொரு தொழிற்சாலையும் தனக்கென ஒரு பம்பையும் நாசிலையும் தானே செய்துகொண்டிருந்தது. ராபர்ட் போஷ் நிறுவனம் 1922இன் இறுதியில் டீசல் உட்செலுத்தல் பம்பை உருவாக்கும் பணியில் இறங்கி, 1927இல் அதைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. லாரி டீசலின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். பம்பும் நாசிலும் எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து பிரிந்து, துல்லியப் பொறியியலில் தேர்ந்த வேறொரு நிறுவனத்தின் பொருளாயின. பம்பு, இன்ஜெக்டர் வேலைகளுக்கென்றே தனிச் சோதனை மேசைகளும் தனிப் பட்டறைகளும் தோன்றியதற்கு இந்தப் பிரிவே அடிப்படை.

பிரிட்டனில் 1931இல் சி.ஏ.வி.-போஷ் என்னும் கூட்டு நிறுவனம் உருவானது. பின்னர் அது லூகாஸ் நிறுவனத்தின் கைக்கு முழுமையாக வந்தது. அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் அமெரிக்கன் போஷ் நிறுவனம் இயங்கியது. இதனால் இரண்டாம் உலகப்போரில் எதிரெதிர் அணிகளின் டீசல் வண்டிகளிலும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்த உட்செலுத்தல் கருவிகளைக் காண முடிந்தது.

உலகப்போரும் டீசல் மீதான தயக்கமும்

இரண்டாம் உலகப்போரில் இராணுவ லாரிகளில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஓடியவையே. 5 இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியான அமெரிக்காவின் ஜி.எம்.சி. இரண்டரை டன் லாரியும், ஜெர்மனியின் ஓப்பல் பிளிட்ஸ் லாரியும் பெட்ரோல் வண்டிகள். ஜெர்மன் படைக்கென 1930களின் பிற்பகுதியில் உருவான ஆறு சக்கர இயக்க "ஐன்ஹைட்ஸ்டீசல்" லாரியும், 1938 முதல் பிரிட்டனில் உற்பத்தியாகி நடுத்தரப் பீரங்கிகளை இழுத்த ஏ.இ.சி. மேட்டடார் வண்டியும் டீசல் வகைக்குக் குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டுகள்.

டீசல் சிக்கனமானது, பெட்ரோல் போல எளிதில் தீப்பற்றாது. இருந்தும் படைகள் தயங்கியதற்குக் காரணங்கள் இருந்தன. வண்டி, விமானம், சமையல் அடுப்பு எனப் பலவற்றுக்கும் ஒரே வகை எரிபொருளை முன்னணிக்குக் கொண்டு செல்வது எளிது. மேலும் பெட்ரோல் எஞ்சினின் கார்புரேட்டரைச் சாலையோரத்தில் அவிழ்த்துச் சுத்தம் செய்துவிடலாம். இன்ஜெக்டரை அவ்வாறு செய்ய முடியாது. அதற்குத் தூசில்லாத அறை, சோதனைக் கருவி, பயிற்சி பெற்ற கைகள் ஆகிய மூன்றும் தேவை. பிரிட்டன் 1942இலும் இந்தியா 1943இலும் படைகளுக்கெனத் தனி மின்-இயந்திரப் பொறியாளர் பிரிவுகளை அமைத்தன. இத்தகைய நுட்ப வேலைகளைச் செய்யும் பட்டறை அடுக்குகள் அவற்றின் கீழ் வளர்ந்தன.

"எதையும் எரிக்கும்" எஞ்சின்

1950களின் பிற்பகுதியில் நேட்டோ நாடுகள் பல எரிபொருள் எஞ்சின்களை நாடின. போரில் எண்ணெய்க் கிடங்குகள் அழிந்தால், கையில் கிடைக்கும் டீசல், மண்ணெண்ணெய் வகை, பெட்ரோல் ஆகியவற்றில் எதைக்கொண்டும் வண்டி ஓட வேண்டும் என்பது நோக்கம். சென்னையை அடுத்த ஆவடியில் 1965 முதல் உருவான விஜயந்தா பீரங்கி வண்டியின் லேலண்ட் எல்60 எஞ்சினும் இந்தக் கொள்கையின் வழிவந்ததே.

லாரிகளில் இக்கொள்கைக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு அமெரிக்காவின் எம்35 இரண்டரை டன் லாரி. 1950இல் பெட்ரோல் வண்டியாகப் பணிக்கு வந்த இது, 1960களில் பல எரிபொருள் எஞ்சினைப் பெற்றது. எம்35ஏ2 வகையில் பொருத்தப்பட்ட 465 வரிசை எஞ்சின்கள் 6 சிலிண்டர்களும் சுமார் 7.8 லிட்டர் கொள்ளளவும் கொண்டவை. அழுத்த விகிதம் 22:1.

இவ்வகை எஞ்சின்கள் எம்.ஏ.என். நிறுவனத்தின் "எம்-முறை"யைத் தழுவியவை. வழக்கமான நேரடி உட்செலுத்தலில் எரிபொருள் காற்றில் கலக்கும்படி பல தாரைகளாகப் பீய்ச்சப்படும். எம்-முறையில் பிஸ்டனின் தலையில் பந்து வடிவக் குழி ஒன்று உண்டு. எரிபொருளின் பெரும்பகுதி அக்குழியின் சுவர்மீது மெல்லிய படலமாகப் படியும்படி பீய்ச்சப்படும். சுழலும் காற்று அப்படலத்தைச் சிறிது சிறிதாக ஆவியாக்கி எரிக்கும். எரிதல் படிப்படியாக நடப்பதால் வெவ்வேறு எரிபொருள்களை அந்த எஞ்சின் தாங்கிக்கொண்டது. இந்த முறையில் தாரை விழும் இடமும் கோணமும் மிக முக்கியம். நாசில் தேய்ந்தாலோ, தவறான உயரத்தில் அமர்ந்தாலோ முறையின் அடிப்படையே குலையும்.

ஆகவே "எதை ஊற்றினாலும் ஓடும்" என்ற புகழ் பாதி உண்மை மட்டுமே. எஞ்சின் ஓடும், ஆனால் அதன் பம்பும் நாசிலும் எந்த எரிபொருளையும் சமமாகத் தாங்கிக்கொள்ளும் என்பதற்கு உறுதி இல்லை. பெட்ரோல் மிக மெல்லிய திரவம், உயவுத்தன்மை குறைந்தது. அடர்த்தி குறைந்த எரிபொருளுக்கு அளவைக் கூட்டித் தருவதற்காக இந்த எஞ்சின்களின் அமெரிக்கன் போஷ் பம்பில் ஓர் ஈடுசெய் கருவி இணைக்கப்பட்டிருந்தது. நடைமுறையில் வண்டிகள் பெரும்பாலும் டீசலிலேயே ஓடின. பிற்காலத்தில் பலர் அந்தக் கருவியைச் செயலிழக்கச் செய்துவிட்டு, டீசலுக்கு மட்டும் பம்பை அமைத்துக்கொண்டனர்.

இந்தியச் சூழல்

இந்தியாவில் 1950களின் இறுதியில் எம்.ஏ.என். உரிமத்தின் கீழ் ஜபல்பூரில் "சக்திமான்" லாரி உற்பத்தி தொடங்கியது. பின்னர் அங்கு நிறுவப்பட்ட வாகனத் தொழிற்சாலை 1990களின் நடுப்பகுதி வரை அதைத் தயாரித்தது. இமயமலைச் சாலைகளிலும் ராஜஸ்தான் பாலைவனத்திலும் இந்தியப் படையின் சுமையைத் தாங்கிய வண்டி இது. அதன் இடத்தை நிரப்பிய வண்டிகளுள் அசோக் லேலண்டின் ஸ்டாலியன் முதன்மையானது. அசோக் லேலண்டின் தொடக்கம் 1948இல் சென்னையில் அமைந்த அசோக் மோட்டார்ஸ்.

உட்செலுத்தல் கருவிகளை வெளிநாட்டிலிருந்து தருவிப்பது ஒரு படைக்குப் பெரும் பலவீனம். போஷ் உரிமத்துடன் 1951இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் பம்புகளையும் நாசில்களையும் உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கியதும் இந்நிலை மாறியது. தமிழ்நாட்டின் நெடுஞ்சாலையோர ஊர்களில் "மைக்கோ பம்ப்", "நாசில் டெஸ்டிங்" என்ற பெயர்ப்பலகைகள் பரவியதும் அதன் தொடர்ச்சியே. அந்தக் கடைகளில் இருந்த கைப்பிடிச் சோதனைக் கருவியும் படைப் பட்டறைகளில் இருந்ததும் அடிப்படையில் ஒன்றே.

இன்ஜெக்டர் இயங்கும் விதம்

பம்பிலிருந்து வரும் எரிபொருள் கனத்த சுவர் கொண்ட இரும்புக் குழாய் வழியே இன்ஜெக்டருக்குள் நுழைகிறது. அங்கே ஒரு சுருள்வில் ஊசியை அதன் இருக்கைமீது அழுத்தி வைத்திருக்கும். எரிபொருளின் அழுத்தம் ஊசியின் சாய்ந்த பகுதியில் செயல்பட்டு வில்லின் விசையை மீறும்போது ஊசி எழும்; எரிபொருள் துளைகள் வழியே பீறிடும். அழுத்தம் குறைந்ததும் வில் ஊசியைச் சட்டென அமர்த்திவிடும். ஊசி எழும் அந்த அளவே "திறப்பு அழுத்தம்". முன்-எரியறை எஞ்சின்களில் இது பெரும்பாலும் 100 முதல் 150 பார் வரை இருக்கும். நேரடி உட்செலுத்தல் எஞ்சின்களில் 200 பாரை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பது வழக்கம். ஒவ்வோர் எஞ்சினுக்கும் உரிய அளவை அதன் கையேடு வகுத்திருக்கும்.

ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடையிலான இடைவெளி சில மைக்ரோமீட்டர் மட்டுமே. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இவ்விரண்டு உறுப்புகளும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்படுகின்றன. எனவே ஒரு நாசிலின் ஊசியை இன்னொன்றின் கூட்டில் போடக்கூடாது என்பது எல்லாப் படைகளின் கையேடுகளிலும் காணப்படும் விதி. ஊசியைச் சுற்றி மேலே கசியும் சிறிதளவு எரிபொருள் அதற்கு உயவாகிப் பின் திரும்புக் குழாய் வழியே தொட்டிக்குப் போகும்.

பழுதை வண்டியிலேயே கண்டறிதல்

இன்ஜெக்டரைக் கழற்றும் முன் எது பழுது என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் செல்லும் உயர் அழுத்தக் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்துவார்கள். அச்சிலிண்டருக்கு எரிபொருள் தடைபடும். எஞ்சினின் ஓட்டம் உடனே தடுமாறினால் அந்தச் சிலிண்டர் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். எந்த மாற்றமும் இல்லை என்றால் பழுது அங்கேதான்.

புகையும் ஒலியும் வேறு குறிகள். கரும்புகை எரிபொருள் முழுதும் எரியாமையைக் காட்டும். சூடேறிய எஞ்சினிலும் வெண்புகை வந்தால் எரியாத எரிபொருள் வெளியேறுகிறது எனலாம். ஒழுகும் நாசில் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். காலப்போக்கில் பிஸ்டன் தலையையே எரித்துவிடும். படைக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: புகை கக்கும் லாரி தன் இருப்பிடத்தைத் தொலைவிலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும்.

சோதனை மேசை

கழற்றிய இன்ஜெக்டரைச் சோதிக்கும் கருவி எளிமையானது: ஒரு கைப்பம்பு, ஓர் அழுத்தமானி, எண்ணெய்க்கு ஒரு சிறு கிண்ணம், இன்ஜெக்டரை இணைக்க ஒரு குழாய். சோதனைக்கு டீசலைவிட அளவுத்திருத்த எண்ணெயே உகந்தது. அதன் பிசுக்குத்தன்மை மாறாததால் ஒரு பட்டறையின் முடிவை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். ஐஎஸ்ஓ 4113 தரம் இத்தகைய எண்ணெய்க்கு உரியது. நான்கு சோதனைகள் வரிசையாகச் செய்யப்படும்.

முதலாவது, திறப்பு அழுத்தம். கைப்பிடியை மெல்ல அழுத்தி, ஊசி எழும் கணத்தில் மானி காட்டும் அளவைக் குறிக்க வேண்டும். பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடியபின் வில் தளர்ந்து இந்த அளவு குறைந்திருக்கும். வில்லின் மேலுள்ள திருகைத் திருகியோ, மெல்லிய தகட்டு வளையங்களைச் சேர்த்தோ அதைச் சரிசெய்யலாம். ஓர் எஞ்சினின் எல்லா இன்ஜெக்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பது அவசியம். ஒன்று மட்டும் முந்தித் திறந்தால் எஞ்சின் சீராக ஓடாது.

இரண்டாவது, ஒழுக்கு. திறப்பு அழுத்தத்துக்கு ஏறத்தாழ 20 பார் குறைவாக அழுத்தத்தை 10 விநாடி நிறுத்தி வைப்பார்கள். நாசில் முனையில் துளி திரண்டு விழக்கூடாது. விழுந்தால் ஊசியின் இருக்கை கெட்டுவிட்டது அல்லது அங்கே கரி படிந்திருக்கிறது.

மூன்றாவது, தாரையின் வடிவம். ஒவ்வொரு துளையிலிருந்தும் மூடுபனி போன்ற சீரான தாரை வர வேண்டும். கோடாக நீர் பாய்வது போல வந்தாலும், ஒரு பக்கம் சாய்ந்தாலும் குறைபாடே. இச்சோதனையில் நல்ல நாசில்கள் பல ஒரு கரகரப்பொலி எழுப்பும். ஊசி விரைந்து எழுந்து அமர்வதால் எழும் ஒலி அது. அனுபவமுள்ள மெக்கானிக் மானியைப் பார்க்கும் முன்னரே இந்த ஒலியைக் கேட்டு நாசிலின் நிலையை ஊகித்துவிடுவார். ஆயினும் எல்லா வகை நாசிலும் கைப்பம்பின் எல்லா வேகத்திலும் ஒலிப்பதில்லை என்பதால், ஒலியை மட்டும் கொண்டு முடிவுக்கு வருவது தவறு.

நான்காவது, பின்கசிவு. அழுத்தத்தை ஏற்றிவிட்டுக் கைப்பிடியை விட்டபின், மானியின் முள் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று அளப்பார்கள். மிக விரைவாக இறங்கினால் ஊசியும் கூடும் தேய்ந்துவிட்டன. மிக மெதுவாக இறங்கினாலும் ஐயத்துக்குரியதே. இடைவெளி போதாமல் சூட்டில் ஊசி இறுகிவிடக்கூடும்.

இந்த மேசையில் ஒரு விதிக்கு விலக்கே இல்லை: தாரையின் முன் கையை நீட்டக்கூடாது. 200 பார் அழுத்தத்தில் வரும் நுண்தாரை தோலைத் துளைத்து எண்ணெயைத் தசைக்குள் செலுத்திவிடும். முதலில் ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளி மட்டுமே தெரியும். வலியும் குறைவாக இருக்கலாம். சில மணி நேரத்தில் திசு அழுகத் தொடங்கும். உடனடி அறுவை மருத்துவம் கிடைக்காவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். காயம் சிறியதெனக் கருதிக் காத்திருப்பதே பெரிய ஆபத்து.

சுத்தமும் பொருத்தலும்

பழுதான நாசிலைப் பிரித்து, தூய டீசலில் ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் வெளிப்புறக் கரியை நீக்குவார்கள். துளைகளுக்கு அவற்றைவிடச் சிறிய விட்டமுள்ள நுண்கம்பி பயன்படும். உப்புத்தாளோ எஃகுத் தூரிகையோ முனையைச் சிதைத்துவிடும். சுத்தம் செய்தபின் ஒரு சிறு சோதனை உண்டு. டீசலில் நனைத்த ஊசியைக் கூட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இழுத்து, சாய்வாகப் பிடித்து விட்டால், அது தன் எடையாலேயே வழுக்கி இறங்க வேண்டும். தயங்கினால் மீண்டும் சுத்தம் செய்ய வேண்டும்; அப்போதும் தயங்கினால் இணையை மாற்ற வேண்டும்.

சிலிண்டர் தலையில் பொருத்தும்போது நாசிலின் அடியில் புதிய செப்பு வாஷர் இட வேண்டும். பழைய வாஷர் குழியில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் புதியதையும் போட்டுவிட்டால் நாசில் உயர்ந்து அமரும். தாரை தவறான இடத்தில் விழும். எம்-முறை எஞ்சினில் இதன் விளைவு உடனே புகையாக வெளிப்படும். குழாய் முனைகளைத் திறந்த கணமே மூடியிட்டு அடைப்பதும் விதி. களத்தில் நேர்ந்த பழுதுகளில் பல, பழைய தேய்மானத்தால் வந்தவை அல்ல. பழுது பார்க்கும்போது உள்ளே போன தூசால் வந்தவை.

எரிபொருள் மாறியபோது

1980களின் பிற்பகுதியில் நேட்டோ "ஒற்றை எரிபொருள்" கொள்கைக்கு மாறியது. பல எரிபொருள் எஞ்சின் என்ற எண்ணம் தலைகீழானது: எல்லாவற்றையும் எரிக்கும் எஞ்சினுக்குப் பதில், எல்லா வண்டிக்கும் விமானத்துக்கும் ஒரே எரிபொருள். அதற்குத் தேர்வானது ஜேபி-8 என்னும் மண்ணெண்ணெய் வகை. பயணிகள் விமானங்களின் ஜெட் ஏ-1 எரிபொருளில் உறைதடுப்பான், அரிப்புத் தடுப்பு-உயவுப்பொருள் முதலியவற்றைச் சேர்த்தால் கிடைப்பது அது.

1990-91 வளைகுடாப் போரில் சவுதி அரேபியாவில் கிடைத்த ஜெட் ஏ-1 எரிபொருளை அமெரிக்கத் தரைப்படை வண்டிகளும் பயன்படுத்தின. கடும் வெயிலில், எரிபொருளாலேயே உயவூட்டப்படும் சுழல்வகைப் பம்புகள் தேய்ந்தன. சூடான எஞ்சினை மீண்டும் முடுக்குவதில் சிக்கல் எழுந்தது. எஞ்சின் எண்ணெயால் உயவூட்டப்படும் பழைய பம்புகள் இதை ஓரளவு தாங்கின. ஆனால் எந்தப் பம்பாயினும் நாசிலின் ஊசிக்கு எரிபொருளைத் தவிர வேறு உயவு கிடையாது.

இதே காலத்தில் பொதுச் சந்தை டீசலிலும் கந்தகம் குறைக்கப்பட்டது. கந்தகத்தை நீக்கும் முறை, இயல்பான உயவுப் பொருள்களையும் சேர்த்தே நீக்கியது. 1990களின் தொடக்கத்தில் சுவீடனில் புதிய டீசல் வந்தபோது பம்புகள் விரைவில் பழுதடைந்தன. இதன் விளைவாக, டீசலின் உயவுத்தன்மையை அளக்கும் சோதனைகள் வகுக்கப்பட்டு, எரிபொருள் தரவிதிகளில் இடம்பெற்றன. இன்று பழைய இராணுவ லாரியை ஓட்டுவோர் டீசலில் உயவுச் சேர்ப்பான் கலப்பதன் காரணம் இதுவே.

முடிவும் எச்சமும்

1990களில் அமெரிக்கப் படை எம்35 லாரிகளில் ஒரு பகுதியைப் புதுப்பித்து எம்35ஏ3 ஆக்கியபோது, பல எரிபொருள் எஞ்சினை நீக்கிக் கேட்டர்பில்லர் எஞ்சினைப் பொருத்தியது. அதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பம்பும் நாசிலும் இணைந்த ஒரே உறுப்பு இருந்தது. 1997இல் சந்தைக்கு வந்த போஷ் காமன் ரெயில் முறையோ 1,350 பார் அழுத்தத்தில், மின்னணுக் கட்டளைப்படி இயங்கியது. கைப்பிடிச் சோதனைக் கருவியின் எல்லை அங்கே முடிந்துவிட்டது.

ஆயினும் உலகின் பல படைகளிலும், ஏலத்தில் வாங்கப்பட்டு மலைத்தோட்டங்களிலும் கல்குவாரிகளிலும் ஓடும் வண்டிகளிலும், அருங்காட்சியகங்களிலும் பழைய இயந்திர இன்ஜெக்டர்கள் இன்னும் உழைக்கின்றன. அவற்றைச் சீராக்கக் கணினி தேவையில்லை. ஆனால் சுத்தமான மேசையும், சரியான எண்ணெயும், நல்ல நாசிலின் ஒலியையும் தாரையையும் அறிந்த ஒருவரும் தேவை. கருவிகள் இன்றும் கிடைக்கின்றன. அந்த அறிவு பட்டறையில் ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டால் மட்டுமே அடுத்தவருக்குப் போய்ச் சேரும். அது அறுபட்டால், எவ்வளவு வலிமையான சட்டமும் சக்கரமும் இருந்தாலும் அந்த லாரி நின்ற இடத்தில்தான் நிற்கும்.